கைரோபிராக்டிக் மாணவர்களின் நம்பிக்கைகள்: சோமனூரிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவர் தம் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் பிசியோதெரபி பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சைமுறையான கைரோபிராக்டிக் படிக்க விரும்புகிறாராம். அந்தப் படிப்பில் சேரும் மாணவர்களே தடுப்பூசி வேண்டாம் என்றும், முதுகெலும்பைச் சரிசெய்தால் எல்லா நோயும் தீரும் என்றும் நம்புவதாக உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, உண்மையென்றால் மகளை அனுப்பலாமா என்பது கேள்வி.

ஐயா, உங்கள் உறவினர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. எந்தப் பகுதி என்பதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிசியோதெரபி மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசும்போது என் வீட்டுக் குப்பையையும் சேர்த்துக் காட்ட வேண்டிய கடமை எனக்கு உண்டு என்பதால், பதிலின் பாதியில் என் தொழிலைப் பற்றியும் பேசுவேன்.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் என்னும் ஊரில் தொடங்கியது. அதைத் தொடங்கிய டி. டி. பால்மர் மருத்துவம் படித்தவர் அல்லர். காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு தொழில் நடத்தியவர். அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லர்ட் என்பவருக்கு நெடுநாளாகக் காது மந்தம். அவருடைய முதுகில் துருத்தியிருந்த ஓர் எலும்பைத் தட்டிச் சரியாக உட்கார வைத்ததும் காது கேட்டுவிட்டது என்று பால்மர் அறிவித்தார். அந்த ஒரே நிகழ்ச்சியிலிருந்து, நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்பு இடம் பிசகுவதால் வருகின்றன என்ற கொள்கைக்கு அவர் தாவினார். பிசகிய எலும்பு நரம்பை அழுத்துகிறது, நரம்பின் வழியே ஓடும் உள்ளார்ந்த அறிவுச் சக்தி தடைபடுகிறது, தடை நீங்கினால் உடல் தானே நோயைத் தீர்த்துக்கொள்ளும் என்பது அவருடைய வாதம். இந்தப் பிசகலுக்குத்தான் அவர்கள் சப்லக்சேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிருமிகளால் நோய் வருகிறது என்பதையும் தடுப்பூசியையும் பால்மரும் அவருக்குப் பின் வந்த அவர் மகனும் ஏற்கவில்லை. எல்லா நோய்க்கும் மூலம் முதுகெலும்பு என்றால் ஊசிக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?

உங்கள் மகள் உடற்கூறு படித்தவர் என்பதால் இந்தக் கதையில் இருக்கும் ஓட்டையை அவரே சொல்லிவிடுவார். கேட்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு காதிலிருந்து நேராக மூளைத்தண்டுக்குள் போகிறது. அது முதுகெலும்புக்கு வருவதே இல்லை. வண்டி விபத்தில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்பட்டவர்களை நாங்கள் மறுவாழ்வுப் பிரிவில் பார்க்கிறோம். அவர்களுக்குக் கைகால் அசைவும் உணர்வும் போய்விடுகின்றன. மலசலக் கட்டுப்பாடும் இரத்த அழுத்தமும் பாதிக்கப்படுகின்றன. ஆனாலும் இதயம் துடிக்கிறது, வயிறு செரிக்கிறது, சிறுநீரகம் வடிகட்டுகிறது. தண்டுவடமே அறுபட்ட பிறகும் இவ்வளவு நடக்கும்போது, எக்ஸ்ரேயிலும் தெரியாத, இரண்டு கைரோபிராக்டர்கள் தொட்டுப் பார்த்தால் ஒரே இடத்தில் இருப்பதாகச் சொல்ல முடியாத ஒரு சிறு பிசகலால் ஆஸ்துமாவும் காதுத் தொற்றும் வரும் என்பதை எப்படி ஏற்பது?

இதைக் கைரோபிராக்டிக் உலகத்திற்குள்ளேயே பலர் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கொள்கையை எழுத்துக்கு எழுத்துப் பிடித்திருப்போருக்கும், மற்ற மருத்துவ அறிவையும் சேர்த்துக்கொள்வோருக்கும் இடையே சண்டை பால்மர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் குழுவே 2010இல், சப்லக்சேஷன் ஒரு வரலாற்றுக் கருத்து என்றும், அது நோய்க்குக் காரணம் என்று உரிமை கொண்டாடுவதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்றும் அறிவித்தது. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் இந்த மாணவர்கள் மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து அடிப்படைப் பாடங்களைப் படிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு மருத்துவப் புலத்திற்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் கல்லூரிக்குக் கல்லூரி உள்ளே நடப்பது வேறு.

இனி மாணவர்களைப் பற்றிப் பேசலாம். 2002இல் கனடாவின் மருத்துவச் சங்க ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. டொராண்டோவில் உள்ள ஒரு கைரோபிராக்டிக் கல்லூரியில் 467 மாணவர்களிடம் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பொதுவாகத் தடுப்பூசியை ஏற்பதாகச் சொன்னவர்கள் 53.3 சதவீதம். என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டும் எண்கள் இதற்கு அடுத்து வருகின்றன: தடுப்பூசியை எதிர்ப்பதாகச் சொன்னவர்கள் முதலாண்டில் 4.5 சதவீதம், நான்காம் ஆண்டில் 29.4 சதவீதம். ஒரே மாணவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு அன்று இது. ஒரே சமயத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவர்களைக் கேட்டது. ஆகவே படிப்புதான் அவர்களை மாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் படிக்கப் படிக்கத் தெளிவு கூட வேண்டிய இடத்தில் எண் எதிர்த்திசையில் போயிருப்பது யோசிக்க வைக்கிறது.

இதைவிட முக்கியமானது அந்தக் கட்டுரை காட்டிய இன்னொரு செய்தி. அந்தக் கல்லூரியின் பாடத்திட்ட வகுப்புகளில் தடுப்பூசியைப் பற்றிச் சரியான தகவல்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. மூத்த மாணவர்களோ வகுப்பை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வந்து பேசுவோரின் உரைகள், தொழில்சார் சஞ்சிகைகள் போன்றவற்றையே அதிகம் நம்பியிருந்தார்கள். பேராசிரியர் சொன்னதை வாசலில் பேசியவர் அழித்துவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்குக் கனடா நினைவுக்கு வரவில்லை. 2017 பிப்ரவரிதான் வந்தது. தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிய அந்த மாதத்தில் வாட்ஸ்அப் குரல்பதிவுகள் வீடுவீடாகச் சுற்றின. எங்கள் பகுதியிலும் படித்த பெற்றோர்கள் பலர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. என் வகுப்பில் நோய் எதிர்ப்பியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவி, தங்கைக்கு ஊசி போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டதாக என்னிடமே வந்து சொன்னார். தேர்வுத்தாளில் எழுதியது ஓர் அறையிலும், வீட்டில் நம்புவது வேறோர் அறையிலும் இருந்தன. நடுவில் கதவு இல்லை.

ஆஸ்திரேலியாவைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டீர்கள். அங்குள்ள இரண்டு கைரோபிராக்டிக் படிப்புகளின் மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. முதுகெலும்பைச் சரிசெய்வது பொதுவாக நோயைத் தடுக்கும், குழந்தைகளின் வயிற்றுவலி அழுகையைத் தீர்க்கும் என்பன போன்ற ஆதாரமற்ற நம்பிக்கைகள் மாணவர்களிடையே பரவலாக இருந்தன, ஆண்டு ஏற ஏறக் குறைந்தன, முற்றிலும் போய்விடவில்லை. கனடாவின் தடுப்பூசி எண்களைவிட இது நல்ல செய்தி, ஆனால் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களில் ஒரு பகுதியினர் பழைய நம்பிக்கையையும் பையில் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். முதலாண்டிலேயே இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பலர் சிறுவயதில் தாங்களோ தங்கள் வீட்டாரோ ஒரு கைரோபிராக்டரிடம் வைத்தியம் பார்த்துக் குணமானதாக நம்புகிறவர்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்ததற்கு உறுதிச் சான்று வாங்கத்தான் அவர்கள் கல்லூரிக்கு வருகிறார்கள்.

இதில் சிரிப்பதற்கு நமக்கு இடமில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. அப்பத்தா என்னைக் கைப்பிடித்து, கால் முன்னே வந்து பிறந்த ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவர் மூன்று நாள் காலையில் தம் பாதத்தால் என் முதுகை நீவிவிட்டார். நான்காம் நாள் நான் கிணற்றில் குதித்து நீந்தினேன். அவர் காலில் ஏதோ இருக்கிறது என்று கல்லூரி இரண்டாம் ஆண்டு வரை நான் முழுமனதாக நம்பினேன். திடீரென்று வரும் இடுப்புவலி பெரும்பாலானவர்களுக்குச் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானாகவே தணியும் என்று பாடத்தில் படித்த அன்று எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை, கோபம். அப்பத்தாவைக் குறை சொல்வதுபோல இருந்தது அது. என் மாணவர்களின் முகத்தில் அதே கோபத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களிடம் கடுமையாகப் பேசத் தோன்றுவதில்லை.

முதலாண்டு வகுப்பின் முதல் வாரத்தில், உங்கள் வீட்டில் உடம்பைப் பற்றிச் சொல்லும் காரணங்களைப் பெயர் போடாமல் எழுதித் தாருங்கள் என்று ஒரு தாள் கொடுப்பேன். கோபி, தாராபுரம், பொள்ளாச்சி, நாமக்கல் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் தாளில் ஒரே உலகம்தான். வாயு பிடித்துக்கொண்டது, சுளுக்கை வழித்தால் போகும், சோறு தொண்டையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டதால் தொக்கம் எடுத்தார்கள், குழந்தை இரவெல்லாம் அழுதது, உரம் விழுந்துவிட்டது என்று பழைய சேலையில் கிடத்தி இரண்டு பக்கமும் பிடித்து உருட்டினார்கள். உரம் எடுப்பதை அயோவாக்காரர் யாரிடமாவது விளக்கினால் அவர் உடனே புரிந்துகொள்வார். அழுகிற பச்சைக் குழந்தையின் உடம்பில் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது, கைதேர்ந்தவர் ஒருவர் அதைத் திரும்ப வைக்க வேண்டும் என்ற அதே எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. குழந்தையின் அழுகையோ மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடுவது. நடுவில் யார் கை வைத்திருந்தாலும் பெயர் அவருக்குப் போகும்.

நம்பிக்கை நிலைப்பதற்கு இன்னொரு காரணம் ஒலி. முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துவிட்டு, கடைசியில் கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்கும்போது வருகிற அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கு அடையாளம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைவதால் வாயுக் குமிழி உருவாகும் சத்தம் அது. எலும்பு எங்கும் போகவுமில்லை, வரவுமில்லை. இப்போது செல்பேசியில் வரும் காணொளிகளில் முதுகுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கி வைத்து அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பயிற்சி முகாமில் சேரும் எங்கள் மாணவர்கள், ஆண்டுக்கணக்கான படிப்பு கொடுக்காத தன்னம்பிக்கையோடு திரும்பி வருகிறார்கள். கழுத்தை வேகமாகத் திருப்புவதோடு சேர்ந்து, அரிதாக, மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் மகள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, முகாமில் கற்ற வித்தையை யாருடைய கழுத்திலும் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கையால் முதுகெலும்பை அசைத்துச் செய்யும் சிகிச்சையே வீண் என்று நினைத்துவிடக் கூடாது. 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 9,211 பேர் பங்கேற்ற 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சை, பரிந்துரைக்கப்படும் மற்றச் சிகிச்சைகளைப் போன்ற அளவு பலன் தருகிறது என்பது முடிவு. தறிக்கூடத்தில் பத்து மணி நேரம் நின்று இடுப்பு போனவருக்கு உடற்பயிற்சியோடு சேர்த்து இதைச் செய்தால் உதவலாம். அவருடைய சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் இதைச் செய்ய ஆதாரம் கிடையாது. மாணவர்களிடம் உள்ள சிக்கல் இந்த எல்லையில்தான் இருக்கிறது: இடுப்புவலிக்குப் பலன் தருவதைத் தம் கையாலேயே கண்டவர், காதுவலிக்கும் ஆகும் என்று நம்புவதற்கு ஓர் அடி வைத்தால் போதும்.

இப்போது என் வீட்டுக் குப்பை. உங்கள் தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர் யாராவது இடுப்புவலிக்கு நகரத்துக்குப் போய் வந்திருப்பார். ஜவ்வு விலகிவிட்டது, தட்டு நழுவிவிட்டது, எலும்பு தேய்ந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. வலி மட்டும் இல்லை. உண்மையாகவே தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக் காலில் உணர்வு போகிற நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் சிறு பகுதியினர். மற்றவர்களிடம் ஜவ்வு விலகிவிட்டது என்று சொல்லும் என் மாணவருக்கும், சப்லக்சேஷன் என்று சொல்லும் அந்த மாணவருக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. இருவரும் நோயாளியின் மனத்தில் உடைந்துபோன ஒரு முதுகை வரைந்து கொடுக்கிறார்கள். அவர் அதன்பிறகு குனியவே பயப்படுகிறார்.

கரண்ட் வைப்பது என்று நம் மக்கள் சொல்லும் சிகிச்சையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் தேசிய வழிகாட்டி நெறி 2016இல், இடுப்புவலிக்கு மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், இழுவைச் சிகிச்சை, இடுப்புப் பெல்ட் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று சொன்னதும் அதே நெறிதான். அதாவது இடுப்புவலியைப் பொறுத்தவரை, எங்கள் சிகிச்சை அறைகளில் ஓடும் கருவிகளில் பாதி, நாங்கள் கேலி செய்யும் கைரோபிராக்டரின் கையைவிடக் குறைந்த ஆதாரத்தில் நிற்கின்றன. ஆனாலும் இறுதியாண்டு மாணவர்கள் பத்து நாள் கரண்ட் என்றுதான் எழுதுகிறார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் மூத்தவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், வந்தவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். கனடாக் கல்லூரியில் வாசலில் பேசியவர் செய்த வேலையை இங்கே நாங்களே செய்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே உங்கள் மகள் எந்தப் படிப்பில் சேருகிறார் என்பதைவிட எந்தக் கல்லூரியில், யாருடைய மேற்பார்வையில் நோயாளிகளைத் தொடப் போகிறார் என்பதைப் பாருங்கள். பாடத்திட்டத்தைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் பாடத்திட்டமும் அழகாகத்தான் அச்சாகிறது. சப்லக்சேஷனை வரலாறாகப் பாடம் நடத்துகிறீர்களா, நோய் கண்டறியும் முறையாகவா என்று அவர் நேரடியாகக் கேட்கட்டும். கல்லூரியின் சொந்தச் சிகிச்சை மையத்தில் கைக்குழந்தைகளின் முதுகெலும்பைக் கையால் அசைக்கிறார்களா என்றும் கேட்கட்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்தச் சிகிச்சை செய்யும் காணொளி பெரிய எதிர்ப்பைக் கிளப்பி, 2019 மார்ச்சில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியமே இடைக்காலத் தடை விதித்தது. நல்ல கல்லூரி இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும். வலி இல்லாதவரையும் மாதாமாதம் வரச் சொல்லும் பராமரிப்புத் திட்டங்களை மாணவர்கள் விற்க வேண்டியிருக்கிறதா என்பதையும் நான் கேட்பேன். நம்பிக்கையை வளர்ப்பதில் வருமானத்திற்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் அது சரியாகாது. ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டிக் சட்டப்படி பதிவு பெறும் தொழில். இந்தியாவில் அதைத் தனித் தொழிலாகப் பதிவு செய்யும் சட்டப்பூர்வ வாரியம் இல்லை; பிசியோதெரபிக்கு, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. மகள் அங்கேயே தங்கப் போகிறார் என்றால் அது ஒரு கணக்கு. படித்து முடித்து அவிநாசி சாலையில் பலகை மாட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், அவர் பதிவு இங்கே பிசியோதெரபிஸ்டாகத்தான் இருக்கும். அதற்காக அவ்வளவு செலவு தேவையா, அதே தொகையில் தசை, எலும்பு, மூட்டுச் சிகிச்சையில் முதுகலை பிசியோதெரபி படிக்கலாமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் மகளின் ஆசையை ஒரே பேச்சில் தள்ளிவிட வேண்டாம். அவர் மனத்தில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு மேலே சொன்ன கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள். எதைச் சொல்லியிருக்கிறார்கள், எதைச் சொல்லாமல் நழுவியிருக்கிறார்கள் என்று மூவரும் சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.